பெயர்கள் என்னிடம், முகங்கள் உங்களிடம்

நீலகிரி மாவட்டத்துப் பள்ளித் தலைமையாசிரியர்கள், கல்லூரி முதல்வர்கள், தாளாளர்கள், முன்னாள் மாணவர் சங்கத்தார் அனைவருக்கும் வணக்கம்.

நான் குன்னூர்க்காரன். அப்பா 1956-ல் கீழ்க்குன்னூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்தார். அவருக்குக் கை நடுங்கத் தொடங்கிய பிறகு நான் எடுத்து நடத்தினேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் எல்லாம் உண்டு. ஆனாலும் வருடா வருடம் மாசி, பங்குனியில் பள்ளிக்கூடங்களில் எடுக்கிற குரூப் போட்டோதான் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது. கோத்தகிரி, கேத்தி, கூடலூர், பந்தலூர் என்று பஸ் போகும் ஊருக்கெல்லாம் போயிருக்கிறோம். பஸ் போகாத எஸ்டேட் பள்ளிகளுக்கு அப்பா கேமராப் பெட்டியைத் தூக்கிக்கொள்ள, நான் ஸ்டாண்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தேயிலைக்காட்டு ஒற்றையடிப் பாதையில் நடந்தே போயிருக்கிறோம்.

அப்பாவுக்கு ஒரு பிடிவாதம். பெயர்ப் பட்டியல் கைக்கு வராமல் பிரிண்ட் போட மாட்டார். பள்ளியில் எழுதிக் கொடுக்கிற பட்டியலை அப்படியே நம்பவும் மாட்டார். படம் எடுத்து முடிந்ததும் பிள்ளைகளைக் கலைய விடாமல், வரிசை வரிசையாகப் போய், இடமிருந்து வலமாகத் தானே கேட்டு எழுதிக்கொள்வார். 'நிற்போர் மூன்றாம் வரிசை', 'அமர்ந்திருப்போர்', 'தரையில் அமர்ந்திருப்போர்' என்று தலைப்புப் போட்டு எழுதுவார். ஓரத்தில் ஒதுங்கி நிற்கிற வாட்ச்மேனையும் சமையல் ஆயாவையும் கூப்பிட்டு வரிசையில் நிற்க வைத்து, அவர்கள் பெயரையும் கேட்பார். 'என் பேர் எதுக்கு சாமி' என்று கூச்சப்படுகிறவர்களிடம், 'படத்தில் நிற்கிறீங்களே, அதுக்குத்தான்' என்பார். கடைக்குத் திரும்பியதும் எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் படியெடுத்து வைப்பார். அப்படி 14 நோட்டுகள் சேர்ந்தன. முதல் பக்கம் 1956, கடைசிப் பக்கம் 1991.

நெகட்டிவ்கள் இன்று இல்லை. 2009 நவம்பர் மழையில் மலை முழுக்க மண் சரிந்ததே, அந்த வாரம் எங்கள் ஸ்டுடியோவின் பின்சுவரும் விழுந்தது. கண்ணாடி பிளேட்டுகளும் பிலிம்களும் அடுக்கியிருந்த அறைக்குள் சேறு புகுந்துவிட்டது. நோட்டுகள் வீட்டில் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்ததால் தப்பின.

ஆக, பெயர்கள் என்னிடம் இருக்கின்றன. முகங்கள் உங்களிடம் இருக்கின்றன. உங்கள் ஆபீஸ் சுவரில், ஸ்டாஃப் ரூம் பீரோவின் மேல், விளையாட்டுச் சாமான் போட்டு வைத்திருக்கும் அறையில். இந்த இரண்டையும் சேர்த்துவைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

போன வருடம் ஊட்டியில் ஒரு பழைய பேப்பர் கடையில் பிரேம் போட்ட குரூப் படங்கள் 11 கிடந்தன. புதுக் கட்டடம் கட்டிய ஒரு பள்ளியிலிருந்து வந்தவையாம். கண்ணாடியைக் கழற்றித் தனியாக விற்றுவிட்டார்கள். கட்டைச் சட்டம் அடுப்புக்குப் போய்விட்டது. படம் ஒட்டிய அட்டைகள் மட்டும் கயிறு கட்டி எடைக்குக் காத்திருந்தன. பெயர் எழுதிய கீழ்ப்பகுதி பலவற்றில் கிழிந்து போயிருந்தது. வாங்கிக்கொண்டு வந்து நோட்டுகளோடு வைத்துப் பார்த்தேன். மூன்று படங்கள் பொருந்தின. ஆள் எண்ணிக்கை, வரிசை எண்ணிக்கை, நடு நாற்காலியில் இருந்த தலைமையாசிரியர், எல்லாம் சரியாக இருந்தன. அதில் 1962-ம் வருடப் படம் ஒன்றை ஒரு ஹட்டிக்கு, அதாவது படகர் கிராமத்துக்கு, எடுத்துக்கொண்டு போனேன். எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டாம் வரிசையில் நான்காவதாக நிற்கும் பையனை விரலால் தொட்டார். அவர் தம்பி. பதினைந்து வயதில் இறந்தவன். வீட்டில் அவன் படம் ஒன்றுகூட இல்லை. அறுபது வருடமாக அந்தப் பள்ளியின் சுவரில்தான் அவன் இருந்திருக்கிறான்.

அந்தப் பள்ளியை நான் குறை சொல்ல வரவில்லை. அங்கே இருந்தவர்களுக்கு அந்தப் படங்களில் யார் யார் என்று தெரியாது. பெயர் தெரியாத முகம் சீக்கிரம் குப்பையாகிவிடுகிறது.

பழைய படம் என்றதும் நம் ஊரில் எல்லாரும் பேசுவது வெள்ளைக்காரர் காலத்து அஞ்சலட்டைகளைப் பற்றித்தான். அவையும் எனக்குப் பிரியமானவை. இந்தியாவில் கால் அணா அஞ்சலட்டை வந்தது 1879-ல். படம் அச்சிட்ட அட்டைகள் அதற்குப் பிறகு பெருகின. சென்னையின் ஹிக்கின்பாதம்ஸும், வீலே அண்ட் கிளைன் ஸ்டுடியோவும் ஊட்டி, குன்னூர் காட்சிகளை அட்டையாக விற்றார்கள். முதல் உலகப் போர் தொடங்கும் வரை இப்படிப்பட்ட அட்டைகளில் பெரும்பாலானவை ஜெர்மனியில் அச்சானவை. இங்கே எடுத்த படம் கப்பலேறிப் போய், வண்ணம் பூசிக்கொண்டு திரும்பி வந்து, இங்கிருந்து மறுபடியும் கடல் தாண்டிப் போயிருக்கிறது. அதற்கும் முன்னால், நிக்கோலஸ் சகோதரர்கள் சென்னையிலும் ஊட்டியிலும் ஸ்டுடியோ நடத்தினார்கள். அவர்களிடம் வேலைக்கு வந்த ஆல்பர்ட் பென் 1870களில் ஊட்டியில் தனக்கென்று ஸ்டுடியோ அமைத்துப் பல வருடம் இந்த மலையைப் படமெடுத்தார். எங்கள் தொழிலில் எங்களுக்கு முன்னோர் என்று அவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் பள்ளிப் படத்தை அந்த அட்டைகளுக்குள் தேடுகிறவர்கள் இன்றைய பெயரில் தேடினால் பாதிக்கு மேல் தவறவிடுவீர்கள். லவ்டேல் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். 1857-ல் லக்னோவில் இறந்த சர் ஹென்றி லாரன்ஸ் பெயரில், 1858-ல் தொடங்கியது. அட்டைகளில் அது 'லாரன்ஸ் அசைலம்'. அசைலம் என்ற சொல்லைப் பார்த்து மனநல மருத்துவமனை என்று நினைத்துத் தள்ளிவிட்டவர்களை எனக்குத் தெரியும். அது படைவீரர்களின் பிள்ளைகளுக்கான விடுதிப்பள்ளி. அந்தக் கட்டடத்தை வரைந்தவர் ராபர்ட் சிஸ்ஹோம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைக் கட்டியவர். மணிக்கூண்டைப் பார்த்தாலே இடம் புரிந்துவிடும். தலைப்பு என்னவாக இருந்தாலும் மணிக்கூண்டைத் தேடுங்கள்.

அரசு கலைக் கல்லூரியின் கதை இன்னும் விசித்திரம். கல்லூரி 1955-ல் தொடங்கியது. ஆனால் அது இருக்கும் இடம் ஊட்டி என்ற ஊரே தொடங்கிய இடம். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களில் கட்டிய கல் பங்களா அந்த வளாகத்தில்தான் நிற்கிறது. பிறகு கோடைக்காலத் தலைநகரானபோது சென்னை மாகாண அரசின் செயலகம் அந்தக் குன்றில் நடந்தது. ஆகவே கல்லூரியின் பழைய படங்கள் 'ஸ்டோன் ஹவுஸ்' என்றோ 'செகரட்டேரியட்' என்றோதான் கிடைக்கும். கல்லூரி என்று எழுதியிருக்காது. முதல்வர் ஐயாவுக்கு ஒரு தனி வேண்டுகோள்: அந்தப் படங்களின் நகல்களைத் திரட்டி, இன்றைய மாணவர்கள் தினமும் நடக்கும் வராந்தாவில் மாட்டி வையுங்கள். எந்த மண்ணில் உட்கார்ந்து படிக்கிறோம் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். தோடர்கள் எருமை மேய்த்த மண் அது என்பதையும் படத்துக்குக் கீழே எழுதுங்கள்.

இடம் மாறிய பள்ளிகளும் உண்டு. கேத்தியில் இருக்கும் செயிண்ட் ஜார்ஜஸ் ஹோம்ஸ் 1914-ல் கொடைக்கானலில் தொடங்கி 1922-ல்தான் நீலகிரிக்கு வந்தது. அதன் முதல் எட்டு வருடத்தைப் பழனி மலைப் படங்களில்தான் தேட வேண்டும். ஹெப்ரான் பள்ளி 1899-ல் குன்னூரில் பிறந்தது, இன்று ஊட்டியில் இருக்கிறது. வெலிங்டன் ராணுவப் பயிற்சிக் கல்லூரி 1947 வரை இன்றைய பாகிஸ்தானில் உள்ள குவெட்டாவில் இருந்தது.

அட்டை எந்தக் காலத்தது என்று பார்ப்பதற்கு முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் உதவும். பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டும் என்றிருந்தால் பழையது. சேதி எழுத இடமில்லாமல் படத்தின் ஓரத்திலேயே கிறுக்கியிருப்பார்கள். நடுவில் கோடு போட்டு ஒரு பாதி சேதிக்கு, மறுபாதி முகவரிக்கு என்று பிரித்த அட்டைகளைப் பிரிட்டனில் 1902-ல் அனுமதித்தார்கள், பிறகு மற்ற நாடுகளிலும் பரவியது. தபால்தலையில் ஏழாம் எட்வர்டு இருந்தால் 1902-க்குப் பிந்தியது, ஐந்தாம் ஜார்ஜ் இருந்தால் 1911-க்குப் பிந்தியது. மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-ல் வந்தது, ஊட்டிக்கு 1908-ல். ஊட்டிப் படத்தில் தண்டவாளம் தெரிந்தால் அதற்கு முன்னால் எடுத்ததாக இருக்க முடியாது.

இத்தனையும் சொன்ன பிறகு என் மனத்தில் உள்ளதைச் சொல்கிறேன். அந்த அட்டைகளில் கட்டடம் இருக்கும், மைதானம் இருக்கும், யூகலிப்டஸ் மரம் இருக்கும். ஆள் இருந்தால் 'தோடர் பெண்கள்', 'படகர் சிறுவர்கள்', 'அசைலம் பிள்ளைகள்' என்று கூட்டமாகத்தான் இருப்பார்கள். ஒருவருக்கும் பெயர் இருக்காது. கேமராவுக்குப் பின்னால் நின்றவரின் பெயர் தெரிகிறது, முன்னால் நின்றவரின் பெயர் தெரியவில்லை. பூத்துக்குளி என்ற பூவேலைப் போர்வையைப் போர்த்திய ஒரு தோடர் பெண்ணின் படம் பலமுறை அச்சாகி உலகமெல்லாம் போயிருக்கும். அவர் பேத்தியின் வீட்டில் அது இருக்காது. கட்டடத்துக்கு ஆவணம் பல இடத்தில் இருக்கிறது. லவ்டேல் மணிக்கூண்டின் படம் இங்கே அழிந்தாலும் வேறு எங்காவது ஒரு சேகரிப்பாளரிடம் பத்திரமாக இருக்கும். கேத்தியில் 1840களில் பாசல் மிஷன் தொடங்கிய பள்ளி வேலைகூட அப்படித்தான். கசமேஜர் என்ற சென்னை மாகாண அதிகாரி தன் கேத்தி வீட்டையும் சொத்தையும் படகர்களின் படிப்புக்காக அந்த மிஷனுக்கு விட்டுச் சென்றார். மிஷனின் பழைய படங்கள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் காப்பகத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

யாரும் அட்டை போடாத பள்ளிகளுக்குத்தான் காவல் இல்லை. ஹட்டிகளில் இருந்த பஞ்சாயத்து யூனியன் பள்ளிகள், எஸ்டேட் பள்ளிகள், ஒற்றை ஆசிரியர் நடத்திய ஆதிவாசிப் பள்ளிகள். 1964-ம் வருட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த மக்களுக்காக, 1968-ல் அரசு இங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. பிறந்த ஊரை விட்டுக் கப்பலேறி வந்த அந்தப் பிள்ளைகள் இந்த மலையில் முதன்முதலாக வரிசையில் நின்று எடுத்துக்கொண்ட படம், பல பேருக்கு வாழ்க்கையிலேயே முதல் படம், பள்ளிக்கூட குரூப் போட்டோதான். அதற்கு உலகத்தில் மொத்தமே இரண்டு பிரிண்டோ மூன்று பிரிண்டோ இருக்கும். ஒன்று பள்ளிச் சுவரில். மற்றது வாங்கக் காசிருந்த யாரோ ஒரு வீட்டில். குரூப் பிரிண்ட் ஒன்றின் விலை அன்றைக்கு ஒரு தோட்டத் தொழிலாளிக்குச் சின்னக் காசு இல்லை. பிள்ளைகள் ஆசையாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஆனி மாதத்து மழை பிடிப்பதற்குள் உங்கள் பள்ளியில் உள்ள பழைய படங்கள் அத்தனையையும் ஒருமுறை இறக்குங்கள். நம் மலையின் ஈரம் உங்களுக்குத் தெரியாததல்ல. துணியில் பூஞ்சை வந்தால் வெயிலில் போடலாம், படத்தில் வந்தால் முகம் போய்விடும். மழைச்சாரல் அடிக்கிற பக்கத்துச் சுவரில் மாட்டியிருப்பவற்றை முதலில் இறக்குங்கள். கண்ணாடியோடு படம் ஒட்டிக்கொண்டிருந்தால் தயவுசெய்து பிரித்து இழுக்காதீர்கள். கண்ணாடியோடு அப்படியே நகல் எடுத்துவிட்டுத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். கிழிந்ததை செலோடேப்பால் ஒட்டாதீர்கள், அந்தப் பசை சில வருடத்தில் மஞ்சளாகி படத்தைத் தின்னும். லேமினேஷன் செய்யவே கூடாது. பத்திரப்படுத்துவதாக நினைத்து லேமினேட் செய்து கெடுத்த படங்களைப் பார்த்து நான் வயிறு எரிந்திருக்கிறேன். பின்னால் எழுத வேண்டுமென்றால் மெல்லிய பென்சில் போதும். பால்பாயிண்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் முகத்தில் தழும்பாக ஏறும்.

நகல் எடுக்க ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐயில் வையுங்கள். செல்போன்தான் என்றால் ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், நேர் மேலிருந்து எடுங்கள். படத்தை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள், அட்டையின் ஓரம் வரைக்கும் வரட்டும். வருடம், பெயர், ஸ்டுடியோ முத்திரை எல்லாம் அந்த ஓரத்தில்தான் இருக்கும். பின்பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள்.

இதெல்லாம் ஒரு வார வேலை. அதைவிட முக்கியமான வேலை, ஊரில் உள்ள பெரியவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து அந்தப் படங்களைக் காட்டுவது. முன்னாள் மாணவர் சங்கத்தாரிடம் இதை மன்றாடிக் கேட்கிறேன். ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்துகிற நேரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். 1960-ல் ஐந்தாம் வகுப்பு படித்தவருக்கு இன்று எழுபத்தைந்து வயது. அவருக்குப் பக்கத்தில் நின்றவனின் பெயர் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஒரு டீயும் வர்க்கியும் கொடுத்து உட்கார வைத்தால் பேர் மட்டுமா வரும்? யார் எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டாள், எந்த வாத்தியார் எட்டு மைல் நடந்து வந்து பாடம் நடத்தினார், உறைபனிக் காலத்தில் வெறுங்காலோடு எப்படிப் பள்ளிக்கு வந்தார்கள் என்று எல்லாம் வரும். ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள்.

ஓரத்தில் நிற்பவர்களையும் மறக்காமல் கேளுங்கள். அட்டையில் பெயர் எழுதும்போது பெரும்பாலான ஸ்டுடியோக்காரர்கள் அவர்களை விட்டுவிடுவார்கள். வாட்ச்மேன், ஆயா, தண்ணீர் சுமந்தவர், மணி அடித்தவர். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் உங்கள் பள்ளியிலேயே படித்துக்கொண்டிருக்கலாம்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். பழைய படம் என்பதால் எல்லாவற்றையும் எல்லார் பார்வைக்கும் வைத்துவிடக் கூடாது. ஆதரவற்றோர் விடுதியில் வளர்ந்த ஒருவர் அதை ஊருக்குச் சொல்ல விரும்பாமல் இருக்கலாம். படத்தில் இருப்பவர் உயிரோடு இருந்தால் அவரைக் கேளுங்கள், இல்லையென்றால் வீட்டாரைக் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் பள்ளிப் பீரோவோடு நிற்கட்டும். பெயரோடு பத்திரமாக இருந்தால் அதுவே போதும்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு விண்ணப்பம். பள்ளிகள் எடுக்கும் நகல்களில் ஒரு தொகுதி அரசு கலைக் கல்லூரி நூலகத்தில் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். ஒரே இடத்தில் வைத்த எதையும் இந்த மலை நம்பவிடாது என்பதை 2009-ல் நான் பார்த்துவிட்டேன்.

என் பங்குக்கு, 14 நோட்டுகளையும் பக்கம் பக்கமாக நகல் எடுத்து வைத்திருக்கிறேன். எந்தப் பள்ளி கேட்டாலும் அந்தப் பள்ளிக்குரிய பக்கங்களைக் கொண்டுவந்து கொடுக்கிறேன். காசு எதுவும் வேண்டாம். படத்தையும் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பொருத்துவதற்கு என் கண்ணும் இன்னும் சில வருடம் தாங்கும். கீழ்க்குன்னூர் மார்க்கெட்டில் பழைய ஸ்டுடியோக்காரர் வீடு என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

கடைசியாக ஒரு பக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எட்டாவது நோட்டில் 1971 பங்குனி. கூடலூருக்கு அப்பால் ஒரு எஸ்டேட் பள்ளி, ஐந்தாம் வகுப்பு. பள்ளியின் பெயர் இருந்த இடத்தில் தண்ணீர் பட்டு மை கலைந்துவிட்டது. தரையில் அமர்ந்திருப்போர் ஒன்பது பேர். எட்டுப் பெயர் இருக்கிறது. ஏழாவது இடத்தில் மட்டும் ஒரு கோடு போட்டு, அப்பா எழுதியிருக்கிறார்: 'சிலோனிலிருந்து வந்த பிள்ளை. சேர்ந்து நான்கு நாள். வாய் திறக்கவில்லை. பிரிண்ட் கொடுக்கப் போகும்போது கேட்க வேண்டும்.' அந்தக் கோட்டின் மேல் பெயர் எழுதப்படவே இல்லை. பிரிண்டைத் தபாலில் அனுப்பியதாக ஓரத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது.

அந்தப் படம் உங்களில் ஒருவரிடம் இருக்கும். தரையில் ஒன்பது பேர், பின்னால் தகரக் கூரை, வலது ஓரத்தில் கொடிக்கம்பம். தேடிப் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குன்னூர் ஸ்டுடியோக்காரர் மகன்